எஞ்சின் போச்சா? மாத்தாதீங்க, பிரிங்க!

"எஞ்சின் போயிடுச்சா? தூக்கிக் கடாசிட்டு புதுப்பேட்டைல ஒண்ணு வாங்கி மாட்டு தல!"

திருவொற்றியூர் ஹைரோட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா டீக்கடை அண்ணாச்சியிலிருந்து சொந்த மெக்கானிக் வரைக்கும் கொடுக்கிற இலவச ஆலோசனை இதுதான். இலவசமா கிடைக்கிறதாலயோ என்னவோ, பைசாவுக்குப் பிரயோஜனம் கிடையாது.

ஒரு சாதாரண ஆளை எடுத்துக்குவோம். வீடு ராயபுரம், வேலை எண்ணூர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஊர்ந்து போய் வர ஒரு பழைய வார்ப்பிரும்பு புல்லட். மே மாச வெயில், அரை மணி நேரமா முதல் கியர், ஆயில் குறைஞ்சதை யாரும் பார்க்கல. பிஸ்டன் சூட்டுல விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விடுச்சு. எஞ்சின் ஜாம். இப்ப அவர் என்ன செய்யணும்?

இதுல ஒரு வேடிக்கை, அந்த எஞ்சின் பிறந்ததே திருவொற்றியூர்லதான். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துக்காரங்க 1970-லயே கடையைச் சாத்திட்டாங்க. இங்கேயோ அந்தப் பழைய 346 சிசி வடிவம் 2000-களின் கடைசி வரைக்கும் வந்துகிட்டே இருந்துச்சு. அத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சதுக்கு அதோட வேகமா காரணம்? பிரிச்சு சரி பண்ண முடியும்ங்கிறது முக்கியமான காரணம். கியர்பாக்ஸ் கூட தனியாத்தான் இருக்கும்.

கணக்கு ரொம்ப சுலபம். சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. கீறல் விழுந்த சுவரை லேத்துல கொஞ்சம் சீவி, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டனைப் போட்டா முடிஞ்சது. முழுசா 1 மி.மீ. போர் போட்டாலும் 346 சிசி, 356 சிசி ஆகும், அவ்வளவுதான். அதுக்கும் மேல தேய்ஞ்சா ஸ்லீவ் அடிச்சு பழைய அளவுக்கே கொண்டு வந்துடலாம். காசிமேட்டு விசைப்படகுகள்ல இருக்கிற லேலண்ட் எஞ்சினையும் இப்படித்தான் திரும்பத் திரும்ப உயிர்ப்பிக்கிறாங்க. கடலுக்குப் போறவங்க நம்புற வைத்தியம் ரோட்டுல போறவருக்கு ஆகாதா?

சரி, செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கினா என்ன கிடைக்கும்? யாரோ ஒருத்தர் ஆயில் ஊத்தாம ஓட்டின எஞ்சின் கிடைக்கும். உள்ளே ஏற்கெனவே எத்தனை போர் போட்டிருக்குன்னு பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். எப்படியும் பிரிக்கத்தான் போறீங்கன்னா, ஜாதகம் தெரிஞ்ச சொந்த எஞ்சினைப் பிரிக்க என்ன கேடு?

இன்னொரு தலைவலியும் இருக்கு. ஆர்.சி.யில எஞ்சின் நம்பர் இருக்கு. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி, எஞ்சினை மாத்தினா 14 நாளுக்குள்ள பதிவு அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தணும். பில் இல்லாத எஞ்சின் திருட்டு வண்டியோடதா இருந்தா? கடைக்காரர் கை கழுவிடுவார். ஸ்டேஷன் வாசல்ல நிக்கப்போறது நம்ம ராயபுரம்காரர்தான்.

"ரீபோருக்கு ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் வேலைக்கு எப்படிப் போறது?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஒரு வாரம் பஸ்லயோ ஷேர் ஆட்டோவுலயோ இடிபடுறது கொடுமைதான். ஆனா அவசரத்துல மாட்டின எஞ்சின் மூணு மாசத்துல மறுபடி நின்னா அந்த ஒரு வாரம் அப்பவும் போகும், கூடவே காசும் போகும்.

கனெக்டிங் ராடு உடைஞ்சு கிராங்க்கேஸையே பொத்துக்கிட்டு வெளியே வந்துட்டா கதை வேற. அப்ப மாத்தத்தான் வேணும். அதே மாடல் எஞ்சினா, பில்லோட, பழைய வண்டியோட ஆர்.சி. நகலோட வாங்கி, முறைப்படி பதிவு பண்ணணும். அதை யாரும் மறுக்கல.

உண்மையான வில்லன் அரைகுறை ரீபோர்தான். ஜாம் ஆன எஞ்சினுக்கு பிஸ்டனும் ரிங்கும் மட்டும் போட்டு "ரெடி சார்"னு சாவியைக் கொடுக்கிறது. ஆயில் ஏன் மேலே போய்ச் சேரலன்னு பார்க்கவே இல்லையே! இந்த எஞ்சின்ல ஆயில் பம்ப் ரெண்டு. ரெண்டையும் கிராங்க்ல இருக்கிற வார்ம் கியர்தான் சுத்துது. அதோட பல் தேய்ஞ்சிருந்தாலும், ஆயில் வழியில பொடி அடைச்சிருந்தாலும் புதுப் பிஸ்டனுக்கும் அதே கதிதான். அப்புறம் "ரீபோர் போட்டா வண்டி நிக்காது"ன்னு ஊர் முழுக்கப் பேர் கெட்டுப்போகும். கெட்டது ரீபோர் இல்லை, சோம்பேறித்தனம்.

ஆக, அடுத்த தடவை "மாத்திடு தல"ன்னு யாராவது சொன்னா ஒரே கேள்வி கேளுங்க: "பிரிச்சுப் பார்த்தியா?" இல்லைன்னு பதில் வந்தா, முதல்ல மாத்த வேண்டியது எஞ்சினை இல்லை, மெக்கானிக்கை! :-)

பி.கு.: ரீபோர் போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்காதீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு டிராஃபிக்ல முறுக்கணும்னு நினைச்சாலும் முடியாதுங்கிறது வேற விஷயம்.