சிவகாசி டு குல்மார்க்: பனிமலையில் தனியாக ஒரு நாள்!

தீபாவளி முடிந்த பிறகுதான் சிவகாசிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்வெடுக்கும். கையில் கொஞ்சம் காசும், சேர்ந்தாற்போல் லீவும் கிடைப்பது அப்போதுதான். ‘இந்த வருஷமாவது பனியைப் பார்த்துடணும்’ என்று நினைப்பவர்கள், கூட வர ஆளில்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்ரீநகரில் தங்கிக்கொண்டு, காலையில் கிளம்பி மாலையில் திரும்பும்படி குல்மார்க்குக்குத் தனியாகவே போய் வரலாம்.

‘தனியாவா?’ என்று வீட்டில் கேட்பார்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா வரை போய் வந்ததால் வளர்ந்த ஊர் இது. தூரம் நமக்குப் புதிதல்ல. ஆனால், வீட்டில் இருப்பவர்களின் பயத்திலும் நியாயம் உண்டு. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடி, படிப்படியாகத்தான் திறந்தார்கள். டிக்கெட் போடும் முன்பும், கிளம்பும் முன்பும் அரசு அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் போவது?

திருநெல்வேலி - கட்ரா ரயில் நம் விருதுநகர் வழியாகத்தான் போகிறது. ஏறக்குறைய மூன்று நாள் பயணம். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. செனாப் பாலத்தின் மேல் போகும் அதே பாதை. நேரம் குறைவென்றால் மதுரையிலிருந்து டெல்லி மாறி விமானம்.

உறவினருக்கும் நண்பருக்கும் பட்டாசு கொண்டுபோவது நம் ஊர்ப் பழக்கம். இந்தப் பயணத்தில் கம்பி மத்தாப்பு ஒரு பெட்டிகூட வேண்டாம். ரயிலில் வெடிபொருள் கொண்டுபோனால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விமானத்தில் கேட்கவே வேண்டாம். பைக்குள் சாத்தூர் சேவு போதும்.

இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இது ஸ்வெட்டரைவிட முக்கியம்.

கொண்டோலாவில்...

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். பனிக்காலத்தில் தங்மார்க்குக்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். கொண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். ஒரிஜினல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வண்டியை விட்டு இறங்கியதுமே கைடு, பூட்ஸ், சறுக்குவண்டி என்று பலரும் சூழ்வார்கள். கொண்டோலாவில் ஏற கைடு கட்டாயமில்லை. பூட்ஸ் வாடகைக்கு எடுத்தால் முதலிலேயே விலை பேசிக்கொள்ளுங்கள்.

பழனி ரோப் கார் மாதிரிதான் என்று நினைத்துப் போகாதீர்கள். குல்மார்க் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். 1998-ல் தொடங்கிய முதல் கட்டம் கோங்டூரி வரை, ஏறக்குறைய 3,080 மீட்டர். 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோள் வரை, 3,900 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், விருதுநகரில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான்.

அதனால் கோங்டூரியில் இறங்கி அரை மணி நேரம் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு இருந்தால் மேலே போக வேண்டாம். இதற்கு முதல் மருந்து, கீழே இறங்குவதுதான். ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குடும்பத்தோடு போனால், முகம் வெளுத்ததைப் பார்த்து ‘போதும், வா’ என்று சொல்ல யாராவது இருப்பார்கள். தனியாகப் போகும்போது அதை நமக்கு நாமே சொல்ல வேண்டும். மேலே போன பிறகு, ‘இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்புறதா?’ என்று மனசு பேரம் பேசும். அதனால் எந்த அறிகுறி வந்தால் இறங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை ஹோட்டலிலேயே முடிவு செய்து, வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.

காற்று பலமானால் சேவையை நிறுத்திவிடுவார்கள். சண்டை போடாதீர்கள். 2017 ஜூனில் பலத்த காற்றில் மரம் சாய்ந்து, கேபின் விழுந்து ஏழு பேர் இறந்த இடம் இது. குல்மார்க்கைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் இருந்தால், மறுநாள் இன்னொரு முறை முயலலாம்.

அது கிளேசியரா?

அஃபர்வாட்டில் நாம் மிதிப்பது அந்தக் குளிர்காலத்தில் பெய்த பனி. கிளேசியர் என்கிற பனியாறு வேறு. பல காலம் பெய்த பனி அழுந்தி ஐஸாகி, மெல்ல நகர்வது. அதைப் பார்க்க சோனாமார்க் பக்கம் தஜிவாஸுக்குப் போக வேண்டும். அங்கே கொண்டோலா கிடையாது. நடை அல்லது குதிரை.

இமயத்தின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. பனிப்பொழிவும் முன்போல் நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியில்லாமல் காய்ந்து கிடந்தது. ஆகவே தீபாவளி லீவில் போகிறவர்கள், அந்த வாரம் மேலே பனி விழுந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். வெயில் குறைந்ததும் மலையிலிருந்து இறங்கி, இருட்டுவதற்குள் ஸ்ரீநகர் திரும்பி, வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அங்கே தூங்காமல் காத்திருப்பார்கள்!