பெரிய ரிம் போடுமுன்...

ஜீப் வாங்கியதும் பெரிய ரிம் போட்டு அழகு பார்க்க ஆசைப்படுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள்.

265/70 ஆர் 16 என்றால், அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம். அதாவது சுமார் 185 மில்லிமீற்றர். ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 265/60 ஆர் 18 டயரும் மொத்த உயரத்தில் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் பக்கச் சுவர் 159 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும்.

கல்லும் குழியுமான பாதையில் அடியைத் தாங்குவது அந்தச் சுவர்தான். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டவும் அது உயரமாக இருக்க வேண்டும். ஆகவே காட்டுப் பாதைக்கு, பிரேக்கில் முட்டாத சிறிய ரிம்மே நல்லது. தார் வீதிக்கு ஏறுமுன் மறுபடி காற்று நிரப்ப மறவாதீர்கள்.

டயரின் மொத்த உயரத்தைக் கூட்டினாலோ வேறு ஆபத்து. 6 வீதம் கூடினால், மீற்றர் 60 காட்டும்போது வாகனம் ஏறக்குறைய 64இல் ஓடும். பாரமான டயரால் பிரேக்குக்கும் சுமை கூடும். திருப்பும்போது மட்காட்டிலும் உரசலாம்.

வாகனத்தைச் செய்தவர்கள் குறித்த அளவை ஒட்டியே தெரிவு செய்யுங்கள். பின் ஆசனத்தில் உறங்குவது உங்கள் பிள்ளைகள் அல்லவா?