பம்பரம் பையன்களுக்கு மட்டுமா?

கோடை விடுமுறை வந்தால் எங்கள் சேவூர்த் தெருவில் பம்பர ஆட்டம் களைகட்டிவிடும். சென்ற விடுமுறையில் ஆசையோடு தம்பியின் சாட்டையை நானும் எடுத்தேன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு கண்ணு பம்பரம்?" என்று அம்மாயி அதை வாங்கி வைத்துவிட்டார். அம்மாயிக்கு அன்று சொல்லத் தெரியாத விடையை இன்று எழுதுகிறேன்.

தோழியரே, சுற்றும் பம்பரத்தை உற்று நோக்குங்கள். அதற்கு இரண்டு அசைவுகள் உண்டு. தன் ஆணியின்மேல் தானே சுற்றுவது தற்சுழற்சி. சாய்ந்தபடி தலை மெல்ல வட்டமிடுவதைத் தலையாட்டம் என்போம். சுற்றாத பம்பரத்தைச் சாய்த்து விட்டால், நாம் பாடத்தில் படித்த திருப்புத்திறன் அதைக் கீழே தள்ளிவிடும். சுற்றும் பம்பரத்தையும் அதே திருப்புத்திறன்தான் இழுக்கிறது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு சுழற்சி இருப்பதால், இழுப்பு அச்சைக் கீழே சாய்க்காமல் பக்கவாட்டில் திருப்புகிறது. எனவே தலை வட்டமிடுகிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவுதான் வியப்பு! தற்சுழற்சி இரு மடங்கானால் தலையாட்டத்தின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். சுழற்சி தளரத் தளரத் தலையாட்டம் விரைந்து, முடிவில் பம்பரம் விழுகிறது. கப்பலிலும் விமானத்திலும் திசை காட்டிய ஜைரோஸ்கோப் கருவிக்கும் இதுவே அடிப்படை.

நம் பூமியும் ஒரு பம்பரமே. அதன் பருத்த நடுப்பகுதியைச் சூரியனும் சந்திரனும் இழுப்பதால், அதன் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை வட்டமிடுகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். உத்தராயணம் என்று நாம் தைப்பொங்கல் கொண்டாடுவதோ ஜனவரி நடுவில். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே வந்தன. பூமியின் தலையாட்டமே அவற்றைப் பிரித்தது.

இத்தனையும் ஒரு மரப் பம்பரத்துக்குள் இருக்க, அதைத் தொடாமலே பெண்கள் விஞ்ஞானம் படிக்க வேண்டுமா? சாட்டையைச் சுண்டிப் பழகிய தம்பி கண்ணால் கண்டதை, நாங்கள் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறோம். இது நியாயமா? நம் ஆய்வுக்கூடத்தில் பம்பரமும் சாட்டையும் இடம்பெற வேண்டும். பெற்றோரும் பெண்பிள்ளைகள் கையில் அவற்றைத் தர வேண்டும் என்பதே என் தாழ்மையான வேண்டுகோள்.

அம்மாயி, சாட்டையைத் திருப்பித் தருவீர்களா?

– பத்தாம் வகுப்பு மாணவி