காஸ் தானாக முடிவதில்லை



இடம்பெயர்ந்து ஊர் திரும்பியபின், சுயதொழிற் கடனில் பழைய குளிர்சாதனப் பெட்டியொன்று வாங்கி ஐஸ்பக்கற் விற்றேன். சில மாதத்துக்கொரு தடவை, "காஸ் முடிஞ்சு போச்சு அக்கா" என்று திருத்த வரும் தம்பி நிரப்பிவிட்டுப் போவார். அவர் கூலியும் மின்கட்டணமும் போக, கடன் கட்டக் காசு மிஞ்சாது.

அந்தக் காஸ் அடுப்புக் காஸ்போல எரிந்து தீர்வதில்லை என்பதைப் பிந்தித்தான் அறிந்தேன். மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ கசிவு. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதுதான்.

கசிவது காற்றுக்கும் கேடு. பழைய பெட்டிகளின் ஆர்-12 ஓசோன் படையை அழிப்பது. 1987 மொன்றியல் உடன்படிக்கையால் அது கைவிடப்பட்டது. பின்பு வந்த ஆர்-134ஏ, பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் திருத்தம் செய்தார்கள். இப்போதைய பல பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ. சூழலுக்கு நல்லது, ஆனால் தீப்பற்றும். திருத்தும்போது அருகில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது.

வாங்குமுன் பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டை வாசியுங்கள். கதவிடுக்கில் தாளொன்றை வைத்து மூடி இழுங்கள். இலகுவாக வந்தால் இறப்பரை மாற்றவேண்டும். அடுப்பை விட்டுத் தள்ளி, சுவரோடு ஒட்டாமல் வையுங்கள்.

நான் கசிவை அடைப்பித்து, இறப்பரும் மாற்றினேன். கடன் கட்டி முடிந்தது. இனித் திருத்துபவரிடம் முதலில் கேளுங்கள்: "கசிவு எங்கே தம்பி?"