மெய்ப்பாடும் மாணவர் மனமும்

தமிழ்க் குழந்தை ஏட்டைத் தொடும் நாளிலேயே ஔவையின் ஆத்திசூடியைச் சொல்லத் தொடங்குகின்றது. அந்நூலின் முதலடி அறத்தைப் பேசுகின்றது. அடுத்த அடியே சினம் தணிதலைப் பேசுகின்றது. கல்வியின் வாயிலிலேயே உணர்வை ஆளும் பாடத்தை வைத்த பெருமை நம் மொழிக்கு உண்டு. ஆயினும் இங்கொரு வினா எழுகின்றது. சினம் தணிய வேண்டும் என்று ஐந்து வயதில் மனப்பாடம் செய்வித்த நாம், அதனை எவ்வாறு தணிப்பது என்று பதினைந்து வயதிற்குள்ளேனும் கற்பித்தோமா? அச்சம் வந்தால் என் செய்வது, அவமானம் நேர்ந்தால் எங்ஙனம் தாங்குவது, துயரை யாரிடம் சொல்வது என்று எந்த வகுப்பிலேனும் ஒரு பாடவேளை ஒதுக்கினோமா? இல்லை என்பதே நேர்மையான விடையாகும்.

இக்குறை சிறியதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். இத்தகைய முடிவுகளுக்கு எந்நாளும் ஒரே காரணம் இருப்பதில்லை. குடும்பச் சூழல், நோய், வறுமை, தேர்வு எனப் பல கூடுகின்றன. ஆனால் துன்பம் மிகும்போது உதவி கேட்கக் கற்றுக்கொடுக்கப்படாமை அவற்றுள் ஒன்று என்பதை ஆசிரியராகிய நாம் மறுத்தல் இயலாது.

நாம் செய்த பிழை

பிறரைக் குறைகூறுமுன் நம் பிழையொன்றைச் சொல்லிவிடுதல் முறை. கல்லூரிப் பணிக்கு வருமுன் மேனிலைப் பள்ளியொன்றில் சில ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தோம். விடைத்தாள்களை மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் பெயர்சொல்லிக் கொடுப்பது அந்நாளில் நம் வழக்கம். அரையாண்டுத் தேர்வுத் தாள்களை அவ்வாறு கொடுத்தபோது, கடைசித் தாளைப் பெற்ற ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பே பார்க்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே தாளைக் கிழித்தான். திமிர் என்று முடிவுசெய்து, இரண்டு பாடவேளை அவனை வெளியே நிற்க வைத்தோம்.

சவூதியில் இருந்த அவன் தந்தைக்கு வேலை போய் மூன்று மாதமாக வீட்டுக்குப் பணம் வரவில்லை என்பதும், மூத்த பிள்ளையாகிய அவன் மாலைதோறும் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துவிட்டு இரவில் வீடு திரும்பினான் என்பதும் பின்னரே தெரிந்தன. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. சென்னையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வியுற்றோம். அவன் வெளிப்படுத்தியது நகையன்று, அழுகையே என்று கண்டுகொள்ள, இலக்கணம் கற்றுத் தேறிய நமக்கு இயலாமற் போயிற்று. இக்கட்டுரைக்கு அவனே காரணம்.

தொல்காப்பியர் வகுத்த பாடம்

உணர்வைப் பற்றிய கல்வி மேலைநாட்டுச் சரக்கு என்று கருதுவோர் உளர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து எழும் உணர்வு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுத்தார் ஆசிரியர். அத்துடன் நில்லாமல், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என நந்நான்கு நிலைக்களன்களையும் கூறினார். உணர்வுக்குப் பெயரிடு, அதன் காரணத்தைத் தேடு என்பதே இதன் உட்கிடை. இன்றைய உளநல வல்லுநர்கள் தம்மிடம் வரும் இளையோர்க்குக் கற்பிக்கும் முதற்பாடமும் இதுவேயாம்.

இவ்விலக்கணத்தை வகுப்பறையோடு பொருத்திப் பார்ப்போம். இழிவும் இழவும் அசைவும் வறுமையும் அழுகைக்குக் களன்கள். நம் மாணவன் தந்தையின் வேலையிழப்பால் வறுமையையும், நம்மால் இழிவையும் ஒருங்கே சுமந்தான். அச்சத்திற்குரிய நான்கனுள் அணங்கும் விலங்கும் கள்வரும் வகுப்பறைக்குள் வருவதில்லை. நான்காவதாகிய ‘தம் இறை’, அஃதாவது தம்மேல் ஆணை உடையவர், அங்கே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். பெருமிதத்திற்குக் கல்வி ஒன்றே களன் அன்று. தறுகண், புகழ், கொடை ஆகியனவும் உள. நாமோ கல்வியையும் மதிப்பெண்ணாகச் சுருக்கிவிட்டோம். உவகைக்குரிய நான்கனுள் ஒன்று விளையாட்டு. பொதுத்தேர்வு நெருங்கியதும் நாம் முதலில் பறித்துக்கொள்வது விளையாட்டுப் பாடவேளையைத்தான்!

இத்துணை வளமுடைய மொழியில் பயிலும் மாணவனை ‘உனக்கு என்னப்பா?’ என்று கேட்டால், ‘டென்ஷன், சார்’ என்று ஒரே சொல்லில் முடிக்கின்றான். அச்சமும் டென்ஷன், பொறாமையும் டென்ஷன், நண்பன் பேசாமற் போன துயரும் டென்ஷன். சொல் ஒன்றாகிவிட்டால் மருந்தும் ஒன்றாகிவிடுகின்றது. கதவைச் சாத்திக்கொள்வது அல்லது கைப்பேசியில் மூழ்குவது என்பதே அம்மருந்து. அஞ்சுபவனுக்குத் துணை வேண்டும். இழந்தவனுக்கு அழ இடம் வேண்டும். சினந்தவனுக்குச் சற்றுப் பொழுது வேண்டும். வேறுபாடு அறியாதவன் தனக்கு வேண்டுவதைக் கேட்க மாட்டான்.

உடலும் உள்ளமும்

உலக நலவாழ்வு அமைப்பு 1990-களில் பள்ளிகளுக்குரிய வாழ்க்கைத் திறன்கள் பத்தினை வகுத்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல் முதலியவற்றோடு, உணர்வுகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல் என்னும் இரண்டும் அதில் இடம்பெற்றுள்ளன. ‘திறன்’ என்ற சொல் கருதத்தக்கது. நீந்துதல் போல, மிதிவண்டி ஓட்டுதல் போல, இதுவும் பழக்கத்தால் வருவது. அறிவுரையால் மட்டும் வருவதன்று.

அச்சமோ சினமோ எழும்போது அட்ரினலின் முதலிய சுரப்புகள் மிகுகின்றன, நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. இது நோயன்று, இடரை எதிர்கொள்ள உடல் செய்யும் ஆயத்தம். ஓரளவு அழுத்தம் படிக்கவும் தூண்டும். அது நாட்கணக்கில் நீடிக்கும்போதுதான் உறக்கமும் பசியும் நினைவாற்றலும் கெடுகின்றன. மேலும், ஆய்ந்து அடங்கும் திறனுக்குரிய மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகின்றது. எனவே பதினான்கு வயதினன் பொங்கி எழுவதில் வியப்பில்லை. பெரியவர் போல் அவன் அடங்க வேண்டும் என எதிர்பார்ப்பதே வியப்பு.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

முதலாவது, பெயரிடல். வாரத்திற்கு ஒருமுறை தமிழ்ப் பாடவேளையில் கால்மணி நேரம் போதும். படித்த கதையில் வரும் மாந்தரின் உணர்வு யாது, எதனால் எழுந்தது, உடலில் எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். கதைமாந்தரைப் பற்றிப் பேசப் பழகியவன் காலப்போக்கில் தன்னைப் பற்றியும் பேசுவான். தன் கதையைச் சொல்லுமாறு எவரையும் வகுப்பின்முன் வற்புறுத்தலாகாது.

இரண்டாவது, உடலை அமைதிப்படுத்தல். மூச்சை மெல்ல உள்ளிழுத்து அதனினும் மெல்ல வெளிவிட்டால் நெஞ்சத் துடிப்பு தணியும். சினம் கொண்டவர் நின்றிருந்தால் அமரவும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளவும், உளூச் செய்யவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். சினம் கொள்ளாதே என்ற அறிவுரையோடு, அதனை ஆற்றும் செயல்முறையும் அங்கே கிடைக்கின்றது. கற்பிக்கும் முறை அவ்வாறு அமைதல் வேண்டும்.

மூன்றாவது, பிரித்துப் பார்த்தல். ஒரு தாளின் நடுவே கோடிட்டு, தன் கையில் உள்ளவற்றை ஒருபுறமும் இல்லாதவற்றை மறுபுறமும் எழுதச் செய்யலாம். வினாத்தாள் தன் கையில் இல்லை. இன்றிரவு எத்தனை மணிக்கு உறங்குவது என்பது பெரும்பாலும் தன் கையில் உள்ளது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர்.

நான்காவது, உதவி கேட்டல். ‘என்னால் இயலவில்லை’ என்று நம்பகமான பெரியவர் ஒருவரிடம் சொல்வது கோழைமையன்று என்பதை வாய்விட்டே கற்பிக்க வேண்டும். அவ்வாறு ஒருவன் வந்து சொன்னால் இடைமறிக்காமல் கேட்பது நம் கடன். பலநாள் உறங்காமை, உண்ணாமை, எவரோடும் சேராமை, வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு ஆகியன தென்பட்டால், ஆசிரியர் தாமே மருத்துவராக முயலாமல், மாணவனைத் தனியே விடாமல், தக்கவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். நடுவணரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இவ்வெண் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் இருத்தல் நலம்.

எழும் மறுப்புகள்

‘எங்கள் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவா?’ என்று மூத்தோர் கேட்பர். வேறு வடிவில் இருந்தன. திண்ணையில் பாட்டி இருந்தார். அந்திவரை தெருவில் விளையாட்டு இருந்தது. தந்தையிடம் சொல்ல அஞ்சியதை மாமாவிடம் சொல்ல முடிந்தது. இன்று அப்பொழுதைத் தனிப்பயிற்சி எடுத்துக்கொண்டது. வீடு இழந்ததைப் பள்ளி ஓரளவேனும் ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

‘பாடத்தை முடிக்கவே நேரமில்லை’ என்பர் ஆசிரியர். அஞ்சி நடுங்கும் மாணவனுக்கு நடத்திய பாடம் அவனுள் தங்குவதில்லை. கால்மணி நேரம் செலவன்று, முதலீடு.

‘இறைநம்பிக்கை உள்ளவனுக்கு மனத்துயர் ஏன்?’ என்பாரும் நம்முள் உளர். மகன் யூசுபைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்ததைத் திருக்குர்ஆன் கூறுகின்றது. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபிகளார் (ஸல்) கண்ணீர் சிந்தினார்கள். நம்பிக்கை துயரைத் தடைசெய்வதில்லை; துயரைத் தாங்க வலுத் தருகின்றது. ‘ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?’ என்று சிறுவனை அதட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரசும் சமுதாயமும்

மாற்றம் இயலாததன்று. தமிழகத்தில் 2017-ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. தோல்வியுற்றோர் ஓராண்டைக் கழிக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதும் வாய்ப்பும் உள்ளது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறி வகுத்தது.

அரசு கைவிட்ட தரவரிசையை நாம் கைவிட்டோமா? தேர்வு முடிவு வந்ததும் மதிப்பெண்ணோடு படங்கள் தெருமுனைப் பதாகைகளில் ஏறுகின்றன. ஜமாஅத்துகளும் நலச்சங்கங்களும் ஆண்டுதோறும் முதல் மூவர்க்குப் பரிசளித்து மகிழ்கின்றன. அப்பணி போற்றத்தக்கதே, நிறுத்துமாறு நாம் சொல்லவில்லை. அம்மேடையில் இன்னும் இரண்டு நாற்காலிகள் இடுமாறு பெரியோர்களை வேண்டுகின்றோம். ஒன்று, தவறிய பாடத்தைத் துணைத்தேர்வில் எழுதி வென்றவனுக்கு. மற்றொன்று, துவண்ட தோழனைத் தாங்கிப் பிடித்தவனுக்கு. முன்னவனிடம் தறுகண் உண்டு. பின்னவனிடம் கொடை உண்டு. தொல்காப்பியர் கணக்கில் இருவரும் பெருமிதத்திற்கு உரியவரே.

நாமும் ஒன்றை மாற்றிக்கொண்டோம். இப்போதெல்லாம் விடைத்தாளை மடித்து, மதிப்பெண் வெளித்தெரியாமல், வருகைப் பதிவேட்டு வரிசையில் கொடுக்கின்றோம். எவரேனும் தாளைப் பெற்றுக்கொண்டு காரணமின்றிச் சிரித்தால், வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்து, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கின்றோம். பல வேளைகளில் அவ்வொரு கேள்வியே போதுமானதாயிருக்கின்றது.

அன்று பள்ளியைவிட்டுப் போனவன் இன்று தந்தையாகியிருக்கலாம். அவன் பிள்ளை எங்கேனும் ஒரு வகுப்பில் அமர்ந்திருக்கலாம். அப்பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் அவ்வகுப்பில் இருத்தல் வேண்டும். இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர்கள். மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காகப் படித்து விட்டுவிடாமல், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்திலும் அவர்கள் அதனைப் படிப்பார்களாக!