கிளியைத் தூக்கிப் போகலாம், கழுவெளியை?

நியூசிலாந்தின் காக்காப்போ பறக்கத் தெரியாத கிளி. இரவில்தான் உணவு தேடும். ஆபத்து என்றால் ஓடாது, அப்படியே உறைந்து நின்றுவிடும். வானிலிருந்து பார்த்துப் பாயும் பறவைகளிடம் பலித்த இந்த உத்தி, மனிதர்களோடு வந்த பூனையின் மோப்பத்திடம் பலிக்கவில்லை. 1995இல் 51 காக்காப்போக்களே மிஞ்சின. ஆஸ்திரேலியாவின் கோலாவோ, குட்டியைப் பையில் சுமந்து யூகலிப்டஸ் மரத்திலேயே காலம் தள்ளும் விலங்கு. இன்னும் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் 2022இல் காக்காப்போ 252 ஆகப் பெருகியது; அதே ஆண்டில் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் கோலாவை அழியும் நிலையிலுள்ள இனமாக ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும். காக்காப்போவை அள்ளிக்கொண்டுபோய், பூனை இல்லாத தீவுகளில் விட்டுக் காப்பாற்ற முடிந்தது. அதற்கே பறவைகளுக்கு ரேடியோ கருவி மாட்டிக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. கோலாவுக்கு உணவும் வீடும் மரமே. காட்டை வெட்டியபின் அதை எங்கே கொண்டுபோய் விடுவது?

அதே 2022இல்தான் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாக்கத்தை ஒட்டிய இந்தக் கழுவெளியில் அந்தி சாய்ந்ததும் மீனும் தவளையும் தேடிக் கிளம்பும் வக்கா, அருகிவிட்ட பறவை அல்ல. அதனால் இங்கே கட்டடம் எழுப்பினால் கவலை எதற்கு என்கிறார்கள் சிலர். கோலாவைப் பற்றியும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். சிறகு இருக்கிறதே, வேறு ஏரிக்குப் போகட்டும் என்பது அடுத்த வாதம். வக்கா போகலாம், தெற்குப் புறநகர் ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறதே, அந்தத் தண்ணீரை எங்கே போகச் சொல்வது? வேறிடத்தில் ஈடாக வெட்டும் குளத்துக்கு அது மேடேறிப் போகாது. இடமாற்றம் காக்காப்போவுக்குச் சரி, கழுவெளிக்கு ஆகாது.

மக்களுக்கு வீடு வேண்டாமா என்ற கேள்விதான் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டவர்களுக்கு வெள்ளமும் கூடவே வந்தது. தாழ்ந்த நிலத்தில் கட்டித்தருவது மலிவாகத் தோன்றலாம். அதன் மிச்சத் தொகையை ஒவ்வொரு மழைக்கும் கட்டுபவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான். ஆகவே புதிய கட்டடத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், நிலத்தைப் பார்க்கப் போகும் அதிகாரிகள் மண் வெடித்துக் கிடக்கும் சித்திரையில் போகவேண்டாம். கார்த்திகையில் போகட்டும்.