பெட்டியைப் பழிக்குமுன் பாட்டரியைப் பாருங்கள்

நெற்பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வடிகால் இல்லாமல் வேர் திணறுகிறதா என்று பார்த்தபின் உரமிடுங்கள் என்று 25 ஆண்டுகளுக்கு மேலாகக் கூறி வருகிறேன். இப்போது அதே அவசரம் காய்கறி ஏற்றும் வேனுக்கும் வந்துவிட்டது. வண்டி கிளம்பவில்லை என்றால், "கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்றுங்கள்" என்கிறார்கள். இது தவறு என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த சிறு விவசாயி ஒருவரின் பழைய வேன், தக்காளி பறித்த அன்று மக்கர் செய்தது. செல்ப் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. ஒரு பட்டறையில் பெட்டியைக் குறை கூறி, வேறு வண்டியில் கழற்றிய பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். அப்போதும் வண்டி கிளம்பவில்லை. இரண்டு நாளில் தக்காளி கூடையிலேயே கனிந்து ஒழுகிவிட்டது. மூன்றாம் நாள் வந்த எலக்ட்ரீஷியன், பெட்டியின் எர்த் ஒயர் வண்டியின் உடம்போடு சேரும் இடம் அரித்துப் போயிருப்பதைக் கண்டார். சுரண்டித் துடைத்து முடுக்கியதும், வண்டி தன் சொந்தப் பெட்டியுடனே கிளம்பியது. உரமூட்டை ஏற்றிய வண்டி அது. உர உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பையும் செம்பையும் அரிக்கும் என்பது நாம் அறிந்ததே.

பெட்டி செய்யும் வேலை

2020 ஏப்ரல் 1-இல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த பெட்ரோல், டீசல் வேன்களில் இப்பெட்டி இல்லாத வண்டி இல்லை எனலாம். அதற்கு முந்தைய வேன்கள் பலவற்றிலும் இது உண்டு. இஞ்சினின் சுழற்சி, சூடு, உள்ளே போகும் காற்று ஆகியவற்றைச் சென்சார்கள் தெரிவிக்கின்றன. எவ்வளவு எரிபொருளை எந்த நொடியில் விடுவது என்பதைப் பெட்டி தீர்மானிக்கிறது. தவறான செய்தி வந்தாலும், போதிய மின்சாரம் வராவிட்டாலும், நல்ல பெட்டியும் கெட்டது போலவே நடந்துகொள்ளும்.

முதலில் பார்க்க வேண்டியவை

மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி நிற்கும்போது பாட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அடுத்து, பியூசையும் ரிலேயையும் பாருங்கள். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையைப் பெட்டியின் எர்த் ஒயரிலும் வைத்து, செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த்தில்தான்.

வைக்கோல் போர் அருகே நிறுத்தும் வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும். எரு ஏற்றியபின் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கும். மற்றொன்று: சென்சார்கள் பலவற்றுக்குப் பெட்டி 5 வோல்ட் அனுப்புகிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் விழுந்து, பெட்டியே செத்ததுபோல் தோன்றும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்து, சென்சார் செய்திகளும் சரியாக வந்தும், பெட்டியிலிருந்து கட்டளை வெளிவராவிட்டால் மட்டுமே அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் உள்ளே ஈயப்பற்று விட்டிருந்தாலோ, கெப்பாசிட்டர் கசிந்திருந்தாலோ, பழுது பார்க்க இயலுமா என்று முதலில் கேளுங்கள். பழைய பெட்டி வாங்கினால், மேலே அச்சிட்ட எண் முழுவதும் ஒத்திருக்க வேண்டும். சாவியோடு இணைந்த திருட்டுத் தடுப்பு உள்ள வண்டியில், சாவியைப் பெட்டிக்குப் பழக்கிப் பதிவு செய்யாமல் இஞ்சின் ஓடாது. காமன் ரயில் டீசல் வண்டிகள் பலவற்றில் இன்ஜெக்டர்களின் எண்ணையும் பதிய வேண்டும். பெட்டி எதனால் எரிந்தது என்று அறியாமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் எரியலாம். கழற்றுமுன் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுவது அவசியம். வண்டியில் வெல்டிங் வைக்கும்போதும் அப்படியே.

நம் கோரிக்கை

விவசாயியை மட்டும் எச்சரித்து விட்டால் போதாது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் உண்டு. ஒயர் வரைபடமும் பெட்டியில் பதிவு செய்யும் வசதியும் சிற்றூர்ப் பட்டறைக்கும் நியாய விலையில் கிடைத்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. வேளாண் அறிவியல் நிலையங்களில் நடக்கும் இயந்திரப் பயிற்சியில், மல்ட்டிமீட்டர் பிடிக்கவும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். என் துறையைச் சேர்ந்த நாங்களும் இதில் பின்தங்கிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேன் ஒரு நாள் நின்றால் பெரிய வியாபாரிக்கு ஒரு நடை நஷ்டம். சிறு விவசாயிக்கோ ஒரு பறிப்பே நஷ்டம். ஆகவே அன்பர்களே, "எர்த்தை அளந்து பார்த்தீர்களா?" என்று பட்டறையில் முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.